சென்னையில் ஞாயிறு காலை வெளியே போக: எந்த இடம், எந்த நேரம்?

#1 தரமணிப் புறா

மால், தியேட்டர் ரெண்டும் சலிச்சுப் போச்சு. மாசத்துல ரெண்டு மூணு காலையாவது திறந்தவெளியில இருக்கணும்னு வீட்ல முடிவு. நாங்க ரெண்டு பேர், ஏழு வயசுப் பையன், எழுபது தாண்டின அத்தை (மாமியார்). அத்தைக்கு முட்டி வலி, ஒரே மூச்சுல அரை கிலோமீட்டர்தான் நடக்க முடியும். கார் கிடையாது. பறக்கும் ரயில், மெட்ரோ, பஸ், கொஞ்ச தூரம்னா ஆட்டோ.

தேடினா எல்லாப் பக்கத்துலயும் அதே பட்டியல்தான்: மெரினா, கிண்டி, செம்மொழிப் பூங்கா, வண்டலூர். எத்தனை மணிக்குப் போனா நல்லாருக்கும், எங்க என்ன சொதப்பும்னு ஒருத்தரும் எழுதல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 கூழைக்கடா

முதலில் விடுமுறை நாளைப் பாருங்கள். பாதிப் பேர் அங்கேதான் ஏமாறுகிறார்கள். கிண்டி சிறுவர் பூங்கா, பக்கத்திலுள்ள பாம்புப் பண்ணை, வண்டலூர் மூன்றுக்கும் செவ்வாய் விடுமுறை. உங்களுக்கு அது பிரச்சினை இல்லை. அடையாறு பிரம்மஞான சபை வளாகம் நேர் எதிர்: ஞாயிறு உள்ளே விட மாட்டார்கள். மற்ற நாட்களிலும் காலையில் கொஞ்ச நேரம், மதியத்துக்கு மேல் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். பெரிய ஆலமரத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். அதன் நடு அடிமரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது. இப்போது நிற்பதெல்லாம் விழுதுகள் வேர்பிடித்துத் தடித்தவை. இதைச் சொல்லிக் கூட்டிப் போனால் பையன் “நடுவுல ஒண்ணும் இல்லையே” என்று கேட்கமாட்டான். சனிக்கிழமை ஒன்றை இதற்கு ஒதுக்குங்கள்.

கிண்டி பற்றி ஒரு தெளிவு. தேசியப் பூங்கா சுமார் 270 ஹெக்டேர், பழைய ஆளுநர் மாளிகைக் காடு. அதற்குள் நினைத்தபடி நடக்க முடியாது. நீங்கள் போகப்போவது அதன் ஓரத்தில் வேலிபோட்ட சிறுவர் பூங்கா. “காட்டுக்குள்ளே போறோம்” என்று பையனிடம் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். வெளிமானையும் புள்ளிமானையும் பிரித்துக் காட்டுங்கள், அதுவே ஒரு மணி நேர வேலை. முறுக்கிய கொம்பு, கரும்பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு என்றால் வெளிமான் கிடா. கிளைபிரிந்த கொம்பு, வெயிலிலும் மறையாத புள்ளி என்றால் மற்றது. பிஸ்கட் பாக்கெட்டைப் பையிலேயே வையுங்கள். உப்பு ஒட்டிய உறையை மான் நக்காது, அப்படியே விழுங்கும். பிளாஸ்டிக் இரைப்பையில் உருண்டு தங்கிவிடும், பிறகு புல் இறங்காது.

#3 சாய்தளம்

அத்தைக்கு ஏற்ற இடம் என்று பார்த்தால் மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே இருக்கும் மரப்பாதை. மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறந்தது, நீளம் 263 மீட்டர். திறந்த சில நாளிலேயே மாண்டஸ் புயல் அலை கடல்பக்க முனையைப் பெயர்த்தது, பிறகு சரி செய்தார்கள். மணலில் அவ்வளவு தூரம் கால் புதைய நடப்பது முட்டிக்கு ஆகாது. பலகைமேல் அத்தையே மெதுவாக நடந்து அலை தெரியும் இடத்துக்குப் போகலாம். போய்வர அரை கிலோமீட்டருக்குச் சற்று மேல், நடுவில் நின்று நின்று போங்கள்.

மாலையில் வேண்டாம். பாதை முழுக்கப் படம் எடுப்பவர்கள் நிற்பார்கள், கைத்தடியோடு விலகி நடக்க இடமிருக்காது. காலை ஏழுக்குள் காலியாக இருக்கும். மார்கழியில் பலகைமேல் பனி ஈரமும் மணலும் சேர்ந்து வழுக்கும், அடியில் கோடு தேய்ந்த செருப்பு கூடாது. கைத்தடியின் ரப்பர் முனை தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். முப்பது நாற்பது ரூபாய்ப் பொருள்தான், விழுந்தபிறகு ஆகும் செலவு வேறு.

ரயிலில் வந்தால் திருவல்லிக்கேணி நிலையம். பறக்கும் ரயில் நடைமேடை உயரத்தில் இருப்பதால் படி அதிகம். இறங்குவதுதான் முட்டிக்குக் கஷ்டம், ஏறுவதல்ல. திரும்பும்போது ரயில், போகும்போது ஆட்டோ என்று வைத்துக்கொண்டால் திருவல்லிக்கேணி நிலையத்தில் அத்தை படி ஏறினால் போதும், இறங்க வேண்டியதில்லை.

#4 சும்மா ஒருத்தன்

மெரினாவுல குளிக்கத் தடை, தெரியும். பெசன்ட் நகர்ல முழங்கால் தண்ணி வரைக்கும் பையனை இறக்கலாம்தானே? எல்லாரும் இறங்குறாங்க.

#5 கட்டுமரம்

அண்ணே, முழங்கால் தண்ணின்னு ஒண்ணு இந்தக் கரையில கிடையாது. இங்க கரை படிமாதிரி இறங்கும். ரெண்டு எட்டு வரைக்கும் முழங்கால், மூணாவது எட்டுல இடுப்பு. அலை உள்ள வரும்போது இடுப்பு, திரும்பி இழுக்கும்போது காலுக்கடியில மணலே ஓடும். பையன் உயரத்துக்கு அது கழுத்து.

இன்னொண்ணு ஒதுக்கம். கரைக்கு வந்த தண்ணி திரும்பிப் போக ஒரு வழி பிடிக்கும். கண்ணு பழகணும், ஆனா பார்த்தாத் தெரியும்: ரெண்டு பக்கமும் அலை வெள்ளையா உடையும், நடுவுல ஒரு பட்டை மட்டும் உடையாம, கலங்கின நிறத்துல, நுரை கடல்பக்கம் போயிட்டே இருக்கும். தெரியாதவன் “இங்க அலையே இல்ல, நல்ல இடம்”னு அதுக்குள்ள இறங்குவான். மூழ்கிப் போறவங்கள்ல பல பேர் அப்படித்தான். மாட்டிக்கிட்டா கரையைப் பார்த்து நீந்தக் கூடாது, கை ஓஞ்சிடும். கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அலை உடையிற இடத்துக்கு வரணும், அலையே தள்ளிக் கொண்டுவரும். நீச்சல் தெரியாதவனுக்கு மிதக்குறது மட்டும்தான் வழி, கையைத் தூக்கிக் கத்தணும்.

தெற்கேருந்து வடக்கே ஓடுற நீரோட்டம் தெண்டி, வடக்கேருந்து தெற்கே ஓடுறது வன்னி. வெயில்காலத்துல தெண்டி, வடகிழக்கு மழைக்காலத்துல வன்னி. மழைக்காலத்துல அடையாத்து முகம் வெட்டி வெள்ளம் கடல்ல சேர்ற நாள்ல ஆத்துமுகம் பக்கம் போகவே போகாதீங்க. பெசன்ட் நகர்ல எல்லாரும் சாஞ்சு நின்னு செல்ஃபி எடுக்குற வெள்ளை வளைவு இருக்கே, ஷ்மித் நினைவிடம், அது 1930-ல கடல்ல மூழ்கினவரைக் காப்பாத்தப் போய்ச் செத்த டேனிஷ்காரருக்குக் கட்டினது. அவருக்கு நீச்சல் தெரியாமலா போயிருப்பாரு?

பையன் கால் நனைக்கணும்னா, அலை ஏறி வந்து தேய்ஞ்சு நிக்குற ஈர மணல்ல, நீங்க கடல்பக்கம் நின்னு, அவன் மணிக்கட்டைப் பிடிச்சுக்கோங்க. விரலைப் பிடிச்சா நழுவும்.

#6 தரமணிப் புறா

கட்டுமரம் அண்ணா, ரொம்ப நன்றி. மணிக்கட்டு விஷயம் யாரும் சொல்லாதது. அடுத்த கேள்வி: பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் எங்க வீட்டுக்குக் கிட்ட. பறவை பார்க்க எப்போ போகலாம்? டிசம்பர்னு எல்லாரும் சொல்றாங்க.

#7 கூழைக்கடா

“டிசம்பர்” என்று மொத்தமாகச் சொல்வதில்தான் கோளாறு. கனமழை முடிந்த கையோடு போனால் சதுப்பு முழுக்க ஆழமாகத் தண்ணீர் நிற்கும். வாத்து, நாமக்கோழி, தாழைக்கோழி இருக்கும். பவளக்காலி, உள்ளான் போன்ற நீள்கால் கூட்டத்துக்கு நிற்க இடமிருக்காது. அவற்றுக்குக் கணுக்கால் அளவு தண்ணீரும் சேறும் வேண்டும். தண்ணீர் இறங்க இறங்க, தை பிற்பாதியிலிருந்து மாசி வரை, சேறு வெளிப்படும்போதுதான் கூட்டம் சேரும். பூநாரைக்கும் அதே கணக்கு. குறைந்த மழை பெய்த ஆண்டில் இது முன்னாலேயே நடக்கும். காலண்டரை விட்டுவிட்டு அந்த வருஷ மழையைப் பாருங்கள்.

2022-ல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த இடம், சுமார் 1,248 ஹெக்டேர். பெயரைக் கேட்டுப் பெரிய சரணாலயம் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு முதல் பத்து நிமிஷம் பெருங்குடிக் குப்பைமேட்டு வாசனைதான் வரவேற்பு. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை கிழக்கு மேற்காக ஓடுகிறது. பனிக்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். சாலையிலிருந்து வடக்கே பார்த்தால் வெளிச்சம் உங்கள் முதுகில் விழும், பறவையின் நிறம் தெரியும். தெற்கே பார்த்தால் எல்லாமே கறுப்பு நிழல், பிறகு “ஒரே மாதிரி இருந்துச்சு” என்று திரும்பி வருவீர்கள்.

#8 ரெண்டு சக்கரம்

ரேடியல் ரோட்டுல குழந்தையோட நின்னு பறவை பார்க்கச் சொல்றீங்களா? அங்க ஞாயிறு காலையில வண்டி போற வேகம் தெரியுமா? ஓரத்துல நின்னா பஸ் கண்ணாடி தோளை உரசும்.

#9 கூழைக்கடா

நியாயமான கேள்வி. சாலையில் நிற்கச் சொல்லவில்லை. திசையைச் சொன்னேன். வனத்துறையின் சூழல் பூங்கா 2021-ல் திறந்தது, உள்ளே நடைபாதை இருக்கிறது. குழந்தையோடும் அத்தையோடும் போகிறவர்கள் அங்கேதான் போகவேண்டும். அங்கும் அதே விதிதான்: சூரியன் முதுகில் படும்படி நில்லுங்கள். வெள்ளை, சிவப்புச் சட்டை வேண்டாம். அதைவிட முக்கியம், கையை நீட்டிக் காட்டாதீர்கள். பறவை சத்தத்தைவிடக் கை அசைவுக்குத்தான் சீக்கிரம் எழும்பும்.

இன்னோர் இடம் அடையாற்று முகத்துவாரத்தில் உடைந்த பாலம். 1967-ல் கட்டி, 1977-ல் உடைந்தது. பறவைக்கு அருமையான இடம், ஆனால் கைப்பிடிச் சுவர் நம்பத் தகுந்ததல்ல, முனை அந்தரத்தில் முடிகிறது. பையனோடு பாலத்தின்மேல் ஏற வேண்டாம். கரையிலிருந்தே பார்க்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றத்தின்போது கடல் தண்ணீர் நன்றாக இறங்கும், அந்த நேரம் சேற்றுத்திட்டில் பறவை நிறைய. கோடையில் ஆற்று முகத்தை மணல் அடைத்துவிட்டால் ஏற்றவற்றக் கணக்கு செல்லாது, தண்ணீர் அப்படியே தேங்கி நிற்கும்.

#10 வேளச்சேரி விச்சு

நடுவுல என்னோடதும் ஒண்ணு. புதுசா ஹைபிரிட் சைக்கிள் வாங்கியிருக்கேன். ஈசிஆர்ல (கிழக்குக் கடற்கரைச் சாலை) முட்டுக்காடு வரை போயிட்டு வரணும். ரெண்டு சக்கரம் சார், என்னென்ன எடுத்துக்கணும்?

#11 ரெண்டு சக்கரம்

திருவான்மியூர்லேருந்து முட்டுக்காடு பாலம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். காலை அஞ்சுக்குக் கிளம்பி எட்டுக்குள்ள திரும்பணும். அதுக்கப்புறம் ஈசிஆர் சைக்கிளுக்கானது இல்ல. பின்னாடி சிவப்பு லைட் கட்டாயம், விடிஞ்ச பிறகும் எரியட்டும்.

காத்து: நவம்பர்லேருந்து ஜனவரி வரை வடகிழக்குக் காத்து. போகும்போது முதுகுல தள்ளும், “நல்லா ஓட்டுறோமே”ன்னு தோணும். திரும்பும்போது மூஞ்சியில அடிக்கும். அந்த மாசங்கள்ல பாதித் தெம்பு போறதுக்கு முன்னாடியே திரும்பிடுங்க. வெயில்காலத்துல கடல்காத்து மதியம்தான் வரும், காலையில சிக்கல் இல்ல.

700×35 டயருக்கு 60, 65 கிலோ ஆளுன்னா காத்தழுத்தம் 55 பிஎஸ்ஐ போதும். டயர் பக்கச்சுவர்ல போட்டிருக்குறது உச்ச அளவு. அந்த அளவுக்கு அடிக்கணும்னு இல்ல, அடிச்சா முதுகு வலிக்கும்.

பையில: ஒரு புது டியூப் (வால்வு உங்க ரிம் ஓட்டைக்குப் பொருந்துதான்னு வீட்லயே பாருங்க), டயர் லீவர் ரெண்டு, கையடக்கப் பம்ப், ஒரு பழைய துணி. துணி எதுக்குன்னா, ஈசிஆர் ஓரத்துல லாரி டயர் கிழிஞ்சு உதிர்ந்த கம்பி மயிரிழை கணக்கா கிடக்கும். அது டயருக்குள்ள குத்தி நிக்கும், வெளியே தெரியாது. பஞ்சரான டியூபைக் கழட்டிட்டு உடனே புதுசை மாட்டுனா அரைக் கிலோமீட்டர்ல அதுவும் போயிடும். துணியை டயர் உள்சுவர்ல ஒரு சுத்து இழுங்க, கம்பி இருந்தா துணி மாட்டும். விரலால தடவாதீங்க, குத்தும். ஓட்டை டியூப்ல எங்க இருக்குன்னு வால்வை வச்சு அளந்து, டயர்ல அதே இடத்தைப் பார்த்தா இன்னும் சீக்கிரம்.

வீட்டுக்கு வந்ததும் செயினை நல்லதண்ணியில கழுவித் துடைச்சு எண்ணெய் விடுங்க. உப்புக்காத்து ரெண்டே நாள்ல செம்பழுப்பாக்கிடும். பிரஷர் வாஷ் வேண்டாம், பேரிங் கிரீஸ் வெளியேறிடும்.

#12 வேம்படி

தரமணி அம்மாவுக்கு: கடலையும் பறவையையும் எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நிழலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தரமணியிலிருந்து பறக்கும் ரயிலில் திருவான்மியூர், இந்திரா நகர், கஸ்தூரிபா நகர், அடுத்து கோட்டூர்புரம். நிலையத்துக்கு அருகே அடையாற்றங்கரையில் மரப்பூங்கா இருக்கிறது. குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை ‘நிழல்’ அமைப்பினர் நாட்டு மரங்களாக நட்டு வளர்த்தது. ஊஞ்சல், சறுக்குமரம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். மண்பாதை, மரம், வண்ணத்துப்பூச்சி, அவ்வளவுதான். எனக்குச் செம்மொழிப் பூங்காவைவிட இதுவே மேல். வெட்டி ஒழுங்குபடுத்திய புல்தரையில் குழந்தைக்குத் தொட ஒன்றுமில்லை.

பங்குனியில் போனால் புங்கமரம் தளிர்த்துப் பளபளவென்று நிற்கும். சித்திரையில் சரக்கொன்றை. சாலையோரம் மஞ்சளாகக் கொட்டிக் கிடப்பது இயல்வாகை, பலர் அதையே கொன்றை என்பார்கள். கொன்றைப் பூ சரமாகக் கீழே தொங்கும், இயல்வாகைப் பூ கொத்தாக மேலே நிமிரும். மயில்கொன்றை, இயல்வாகை, தூங்குமூஞ்சி மூன்றுமே வெளிநாட்டு வரவு. வேர் ஆழம் போகாத நகர மண்ணில் இவை காற்றுக்கு நிற்பதில்லை. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சாய்ந்தவற்றில் இவை ஏராளம். மழையும் காற்றும் ஓய்ந்த மறுநாள் காலை இந்த மரங்களுக்குக் கீழே பாய் விரிக்க வேண்டாம். முறிந்து தொங்கும் கிளை இரண்டு மூன்று நாள் கழித்தும் விழும்.

முசுறு எறும்பு இருக்கிறதா என்று பார்த்து உட்காருங்கள். மாமரம், நாவல், புங்கையில் இலைகளைச் சேர்த்துத் தைத்த பந்து தெரிந்தால் அது அதன் கூடு. நேர் கீழே உட்காராமல் நாலு அடி தள்ளினால் போதும்.

அத்தைக்கு நடை குறைவு என்றால் மயிலை லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா. தட்டையான பாதை, பெஞ்சுகள் அடுத்தடுத்து. திருமயிலை நிலையத்திலிருந்து ஆட்டோ.

#13 தரமணிப் புறா

வேம்படி ஐயா, நன்றி. கோட்டூர்புரம் அடுத்த ஞாயிறே. ஆமை நடைக்குப் பையனைக் கூட்டிட்டுப் போகலாமா? அவன் வகுப்புல யாரோ சொல்லியிருக்காங்க.

#14 கட்டுமரம்

பங்குனி ஆமை ஜனவரியிலேருந்து முட்டை போடக் கரை ஏறும். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988லேருந்து ராத்திரி கரையோரம் நடந்து முட்டையைத் தேடி எடுக்குறாங்க, வெள்ளி, சனி ராத்திரி மத்தவங்களையும் சேர்த்துப்பாங்க. நீலாங்கரையில நடு ராத்திரி வாக்குல கிளம்பி பெசன்ட் நகர் வரை மணல்ல நடை. ஏழு வயசுக்கு வேண்டாம். பாதி வழியில தூக்கம் வரும், தூக்கிட்டு மணல்ல நடக்க முடியாது, நடுவுல விட்டுட்டு வரவும் வழி இல்ல. ஆமை ஏறும்னு உறுதியும் கிடையாது. செத்து ஒதுங்கினதைப் பார்க்க வேண்டியிருக்கும். 2025 ஜனவரியில சென்னைக் கரையில ஆயிரத்துக்கு மேல ஒதுங்குச்சு. இழுவை வலையில சிக்கினா மேல வந்து மூச்சு விட முடியாது, அதான் காரணம்.

#15 கூழைக்கடா

குழந்தைக்கு நடையைவிட, பொரித்த ஆமைக்குஞ்சைக் கடலுக்கு விடுவதைப் பார்ப்பது நல்லது. முட்டை 45, 50 நாளில் பொரியும், ஆகவே மார்ச், ஏப்ரல் மாலைகளில் பெசன்ட் நகர் பொரிப்பகத்தில் பார்க்கலாம். ஒரு குழியில் நூறு முட்டை வாக்கில் இருக்கும். எடுத்துவந்து வேறு குழியில் வைப்பது இட்ட சில மணி நேரத்துக்குள் முடியவேண்டும். பிறகு கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும், முட்டையைப் புரட்டினால் செத்துவிடும்.

போனில் ஃபிளாஷ், டார்ச் இரண்டும் அணைத்திருக்கட்டும். குஞ்சு வெளிச்சம் அதிகமுள்ள பக்கம் போகும். இயற்கையில் அது கடல், இங்கே சாலை விளக்கு. குஞ்சைக் கையில் எடுத்துத் தண்ணீரில் விடச் சொல்லிப் பையன் கேட்பான், விடாதீர்கள். மணலில் அதுவே ஊர்ந்து போகட்டும். முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். பின்னால் நகரும்போதும் காலடியைப் பாருங்கள், கூட்டத்தில் குஞ்சு மிதிபடுவது அப்படித்தான்.

#16 சும்மா ஒருத்தன்

எல்லாம் சரி, மே மாசம் என்ன பண்றது? கத்திரியில வெளியே தலை காட்ட முடியாதே.

#17 சாய்தளம்

ஐந்தரைக்குக் கிளம்பி எட்டரைக்கு வீடு. வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள். சென்னையில் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாமல் வழியும், உடம்பு குளிராது. முதியவர்களுக்குத் தாகம் அவ்வளவாகத் தெரியாது. கேட்காமலேயே இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை நாலு மடக்கு கொடுங்கள். பெரியவருக்கு ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர், கூடவே உப்புப் போட்ட மோர். இதயம் அல்லது சிறுநீரகத்துக்காக மருத்துவர் தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான்.

மாலையில் கடற்கரை என்றால் கடல்காற்று வந்துவிட்டதா என்று பாருங்கள். மேற்குக் காற்று பலமாக வீசும் கத்திரி நாளில் அது மூன்று, நாலு மணி வரை வராது, சில நாள் வரவே வராது. மொட்டைமாடித் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். மேற்கு நோக்கிப் பறந்தால் கிளம்பலாம்.

#18 தரமணிப் புறா

கடைசியா ஒண்ணு. பையனுக்குப் பைனாகுலர் வாங்கணும். 8×42 எல்லாரும் சொல்றாங்க. சரிதானா?

#19 கூழைக்கடா

உங்களுக்குச் சரி. எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் கண்ணாடி, விடியல் வெளிச்சத்துக்கும் போதும். 10× எடுத்தால் கை நடுக்கமும் பத்து மடங்கு. பையனுக்கு 8×42 கனம், ஐந்து நிமிஷத்தில் கழுத்தில் தொங்கவிட்டுவிடுவான். 6× அல்லது 8×, முன்கண்ணாடி 25 முதல் 32 வரை பாருங்கள்.

எடையைவிட முக்கியம் இரு குழல்களும் எவ்வளவு நெருங்கி மடங்குகின்றன என்பது. குழந்தையின் கண்களுக்கு இடைவெளி குறைவு. குழல் அந்த அளவுக்கு மடங்காவிட்டால் இரண்டு கறுப்பு வட்டம்தான் தெரியும், அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான், உங்களுக்குத் தெரியாது. ஆன்லைனில் வாங்காமல் கடைக்கு அவனையும் கூட்டிப்போங்கள். எதிர்க் கடைப் பலகையைப் படிக்கச் சொல்லி, “ஒரே வட்டமா தெரியுதா, ரெண்டா?” என்று கேளுங்கள்.